வாசகர் கேள்வி: ஸ்பேமைத் தடுக்கப் போய் நல்ல மெயில் தொலைகிறதே, என்ன செய்வது?

சுமார் 40 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வரைத் தனியாளாகக் கவனித்துவரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மெயிலை வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், அதன் பின்னால் மெயிலைச் சோதிக்க அமவிஸ், அதற்குள் ஸ்பேமுக்குப் புள்ளி (ஸ்கோர்) போடும் ஸ்பேம்அசாசின், அஞ்சல் பெட்டிகளுக்கு டவ்காட் என்பது அவருடைய அமைப்பு. ஸ்பேம் பெருகப் பெருக, ஒவ்வொன்றாகச் சில மாற்றங்கள் செய்திருக்கிறார். ஸ்பேம் என்று முடிவுகட்டும் ஸ்கோரை 5-இலிருந்து 3-க்கு இறக்கினார். ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் முகவரிகளைத் தொகுத்துத் தரும் ஆறு தடைப்பட்டியல்களைச் சேர்த்தார். ஸ்பேம் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடும்படி அமவிஸில் அமைத்தார். சொந்த டொமைன் மெயில் எதுவும் தடைபடக் கூடாது என்று அதை அனுமதிப் பட்டியலில் போட்டார்.

அப்புறம் மூன்று சம்பவங்கள். வாடிக்கையாளர் அனுப்பிய ஒப்பந்த மெயில் வந்து சேரவே இல்லை. அனுப்பியவருக்கும் எந்தத் தகவலும் போகவில்லை. சர்வரின் டிஎன்எஸ்ஸை (இணையப் பெயர்களுக்கு விடை தேடித் தரும் சேவையை) 8.8.8.8 என்ற கூகுளின் பொதுச் சேவைக்கு மாற்றிய நாளில், வெளியிலிருந்து வந்த மெயில் அத்தனையும் திரும்பிப் போயின. பழையபடி மாற்றியதும் சரியாகிவிட்டது, காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. மூன்றாவதாக, மேலாளரின் அதே முகவரியிலிருந்து 'உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பவும்' என்று கணக்குப் பிரிவுக்கு ஒரு போலி மெயில் நேராக இன்பாக்ஸில் வந்து விழுந்தது. நல்லவேளையாக, பணம் போகவில்லை.

இப்போது மேலாளர், 'ஒரு ஸ்பேம்கூட வரக் கூடாது, ஒரு நல்ல மெயில்கூடத் தவறக் கூடாது, தேவைப்பட்டால் எல்லார் பெட்டியையும் திறந்து பார்' என்கிறாராம். ஸ்கோரை 2-க்கு இறக்கலாமா, இன்னும் எந்தப் பட்டியல்களைச் சேர்க்கலாம், மற்றவர் மெயிலைத் திறப்பது சரியா, பேசாமல் பெரிய சேவை ஒன்றுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார். 'தொலைந்த மெயிலுக்கு நான்தான் பொறுப்பா?' என்பது கடைசி வரி.

அன்புள்ள வாசகருக்கு,

ஸ்கோரை 2-க்கு இறக்காதீர்கள். புதிய பட்டியல் எதையும் சேர்க்காதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் அதைச் செய்துவிடக்கூடும். கடிதத்தில் அவ்வளவு அவசரம் தெரிகிறது. உங்கள் வடிகட்டி கறாராக இருப்பது பெரிய குற்றமில்லை. தடுத்ததை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் உங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

சத்தமில்லாமல் அழிப்பதை இன்றே நிறுத்துங்கள்

வெளி சர்வர் ஒன்று உங்கள் சர்வரோடு பேசி மெயிலைக் கொடுக்கிறது. முழுதும் வாங்கிக்கொண்டு நீங்கள் 250, அதாவது 'ஏற்றுக்கொண்டேன்' என்று பதில் சொன்னால், அந்த நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நீங்கள் பொறுப்பு. மின்னஞ்சல் நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321-இன் அடிப்படை ஏற்பாடே அதுதான். 550, அதாவது 'மறுக்கிறேன்' என்று சொன்னால் கதை வேறு: மெயில் இன்னும் அனுப்பும் சர்வரின் கையில் இருக்கிறது, அது தன் பயனருக்கு 'உங்கள் மெயில் போகவில்லை, காரணம் இது' என்று தெரிவிக்கும். அந்த ஒப்பந்த மெயிலுக்கு 550 கிடைத்திருந்தால் உங்கள் வாடிக்கையாளர் சில நிமிடங்களில் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பார்.

உங்கள் அமைப்பில் அமவிஸ் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதாவது போஸ்ட்ஃபிக்ஸ் 250 சொல்லி வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் மெயில் அமவிஸுக்கே போகிறது. அங்கிருந்து 'அழி' என்றால் இரு பக்கமும் யாருக்கும் தெரியாது. 'சரி, அழிப்பதற்குப் பதில் அனுப்பியவருக்குத் திருப்பிவிடலாமே' என்று தோன்றும். அதையும் செய்யாதீர்கள். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது. நீங்கள் திருப்பினால் சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் போய் விழும். அந்தக் குப்பையை அனுப்பியதற்காக உங்கள் சர்வரே தடைப்பட்டியலில் ஏறக்கூடும்.

ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு மாற்றம். அமவிஸில் ஸ்பேமின் கதியை 'அழி' என்பதிலிருந்து 'விடு' என்று மாற்றி, தலைப்பில் (மெயிலோடு மறைவாக வரும் விவர வரிகளில்) ஸ்பேம் அடையாளம் மட்டும் போடச் சொல்லுங்கள். டவ்காட்டில் மெயிலைப் பிரித்துப் போடும் ஒரு சிறிய சீவ் விதி எழுதி, அடையாளம் போட்டவற்றை அவரவர் ஸ்பேம் ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். 30 நாள் ஆனவை தானாக நீங்கும்படி டவ்காட்டிலேயே அமைக்கலாம். பிறகு நிதானமாக, வாசலிலேயே மறுக்கும் ஏற்பாட்டுக்கு நகரலாம்: மில்டர் (மெயிலை வாங்கும்போதே வடிகட்டியைக் கேட்கும் இணைப்பு) வழியாக வடிகட்டியை இணைத்தால், உரையாடல் முடிவதற்குள் ஸ்கோர் தெரிந்துவிடும், மிக அதிக ஸ்கோர் உள்ளதற்கு 550 சொல்லலாம். ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டி இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் இயல்பு அமைப்பில் 6-க்கு மேல் அடையாளம், 15-க்கு மேல் மறுப்பு என்று இரண்டு படிகள் உண்டு. அந்த எண்களை ஸ்பேம்அசாசின் ஸ்கோரோடு ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

தொலைந்த அந்த மெயிலைப் பற்றி ஒரு சிறு நம்பிக்கை. அமவிஸில் குவாரன்டைன் (தடுத்தவற்றை ஒதுக்கி வைக்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், அழிக்கச் சொன்னவற்றின் நகலும் சர்வரின் ஒரு கோப்புறையில் கிடக்கும். லாக்கில் (சர்வர் எழுதிவரும் பதிவேட்டில்) அந்த வாடிக்கையாளரின் முகவரியைத் தேடி, குவாரன்டைன் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அமவிஸின் விடுவிப்புக் கட்டளையால் மீட்கலாம். இல்லையென்றால் அவரிடம் மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வழியில்லை.

8.8.8.8 மாற்றியதும் என்ன நடந்தது

நீங்கள் சேர்த்திருக்கும் பட்டியல்களில் ஸ்பேம்ஹவுஸ் அமைப்பின் ஜென் என்ற பட்டியல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

தடைப்பட்டியல்கள் டிஎன்எஸ் வழியாகப் பதில் சொல்பவை. ஓர் ஐபி முகவரி பட்டியலில் இருந்தால் 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 போன்ற ஒரு விடை வரும். இல்லையென்றால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று வரும். எல்லாருக்கும் பொதுவான திறந்த டிஎன்எஸ் சேவைகள் வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பேம்ஹவுஸ் பதில் தருவதில்லை. அதற்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் திருப்பும். 'நீ கேட்கும் வழி சரியில்லை' என்பது அதன் பொருள். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்த முகவரி விடையாக வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே அது எடுத்துக்கொள்ளும். அன்று உங்களுக்கு மெயில் அனுப்ப முயன்ற ஒவ்வொரு சர்வரும் அதன் கண்ணில் ஸ்பேமர். லாக்கில் அன்றைய வரிகளைத் தேடுங்கள், மறுப்பு வரியில் ஜென்னின் பெயரும், பெரும்பாலும் திறந்த டிஎன்எஸ் பற்றிய விளக்கமும் சேர்ந்தே இருக்கும்.

இதற்கு இரண்டு வேலை, இரண்டையுமே செய்யுங்கள். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை நிறுவி, அது வேறெங்கும் கைமாற்றாமல் தானே நேரடியாக விடை தேடும்படி வையுங்கள். அடுத்து, பட்டியலின் பெயருக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று எழுதுங்கள். அப்போது உண்மையான விடைகள் மட்டுமே தடையாகக் கணக்கில் வரும், பிழைக் குறியீடு வந்தால் மெயில் தடைபடாது. இலவசப் பயன்பாட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஸ்பேம்அசாசினும் இதே டிஎன்எஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறது. மெயில் தலைப்புகளில் 'யூஆர்ஐபிஎல் பிளாக்டு' என்ற விதியின் பெயர் தென்பட்டால், இணைப்புகளைச் சரிபார்க்கும் சோதனையும் இதே காரணத்தால் முடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கண்டுபிடிக்க வேண்டிய ஸ்பேமை உங்கள் வடிகட்டி கோட்டைவிட, அதை ஈடுகட்ட நீங்கள் ஸ்கோரை இறக்க, இப்படியே போயிருக்க வாய்ப்பு உண்டு.

மீதி ஐந்து பட்டியல்களையும் எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன? நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பல சர்வர்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2008-இல் கேட்ட எல்லா முகவரிக்கும் 'ஆம், தடை' என்று பதில் தர ஆரம்பித்தது. அமைப்பை மறந்துபோன அட்மின்களின் மெயில் மொத்தமாக நின்றது. ஏஎச்பிஎல் பட்டியலும் மூடிய பிறகு 2015 தொடக்கத்தில் அதையே செய்தது. சார்ப்ஸ் 2024-இல் நிறுத்தப்பட்டது. பழைய வழிகாட்டிக் கட்டுரைகளிலிருந்து எடுத்து ஒட்டிய பட்டியல்களில் இந்தப் பெயர்கள் இன்னும் உலவுகின்றன.

உயிரோடு இருப்பவற்றுக்கும் தனித்தனியே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கொடுக்காதீர்கள். நீங்கள் இப்போது வைத்திருக்கும் முறையில் ஆறில் எது 'வேண்டாம்' என்றாலும் மெயில் போச்சு. ஆறு பட்டியலின் தவறுகளும் உங்கள் தவறாகக் கூடுகின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் 2.8-இலிருந்து, அதாவது 2011-இலிருந்து, போஸ்ட்ஸ்கிரீன் என்ற பகுதி இருக்கிறது. அதில் ஒவ்வொரு பட்டியலுக்கும் எடை கொடுக்கலாம்: ஜென்னுக்கு 3, மற்றவற்றுக்கு 1, மொத்தம் 3 வந்தால்தான் மறுப்பு. இன்னொரு நல்ல தந்திரமும் அதில் உண்டு. இணைப்பு கிடைத்ததும் சர்வர் வணக்கம் சொல்லும்வரை ஒழுங்கான மெயில் சர்வர்கள் காத்திருக்கும். அவசரப்படும் ஸ்பேம் பாட்கள் (தானாக ஸ்பேம் அனுப்பும் நிரல்கள்) முந்திக்கொண்டு பேசும். இயல்பாக 6 விநாடி காக்கவைத்து, முந்தியவற்றை போஸ்ட்ஸ்கிரீன் அடையாளம் காணும். மெயிலின் உள்ளடக்கத்தைத் தொடாமலே குப்பையில் ஒரு பகுதி இங்கேயே கழிந்துவிடும்.

கிரேலிஸ்டிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல்முறை வருபவரிடம் 'பிறகு வா' என்று சொல்லும் முறை அது. பெரிய நிறுவனங்கள் மறுமுறை வேறு ஐபியிலிருந்து வருவதால் மெயில் மணிக்கணக்கில் இழுபடும். கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் ஒருமுறைக் குறியீடும் காலாவதியான பிறகு வந்து சேரும். எல்லாருக்கும் வேண்டாம். சந்தேக ஸ்கோர் வந்தவற்றுக்கு மட்டும் என்றால் சரி.

5 என்பது ஏற்கெனவே கறார்

'5 என்பது தளர்வான எண், 3 என்றால் பாதுகாப்பு' என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். ஸ்பேம்அசாசினின் ஆவணமே 5-ஐக் கறாரான எண் என்றும், அது தனி ஒருவரின் பெட்டிக்குப் பொருந்தும் என்றும் சொல்கிறது. பலருக்குச் சேவை தருபவர்கள் 8, 10 என்று உயர்த்தச் சொல்கிறது. விதிகளின் புள்ளிகளும் 5 என்ற கோட்டை மனதில் வைத்தே கணக்கிடப்பட்டவை. நீங்கள் கோட்டை நகர்த்தினால் அந்தக் கணக்கு குலைகிறது. மொத்த மெயில் மென்பொருளில் அனுப்பிய ஒரு விலைப்பட்டியல், படம் மட்டும் ஒட்டிய ஒரு கடிதம், இவை சர்வசாதாரணமாக 3-ஐத் தொடும். 5-க்குத் திரும்புங்கள்.

ஸ்பேமைக் குறைக்க வேண்டுமென்றால் ஸ்கோரை விட்டுவிட்டு பேய்ஸ் பகுதிக்கு வாருங்கள். சொற்களை வைத்து எது ஸ்பேம், எது நல்லது என்று உங்கள் மெயிலிலிருந்தே கற்றுக்கொள்வது அது. 200 ஸ்பேமும் 200 நல்ல மெயிலும் பார்க்கும்வரை அது வாயே திறக்காது. 'தினமும் ஸ்பேமைக் கொடுத்துப் பயிற்சி தருகிறேன், பலனே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சந்தேகம் எனக்கு. ஒன்று, நல்ல மெயிலைக் கொடுக்கவே இல்லை. இரண்டாவது, இதுதான் பெரும்பாலும் நடப்பது, நீங்கள் ரூட் (முழு அதிகாரமும் உள்ள) பயனராக இருந்து பயிற்சிக் கட்டளையை இயக்குகிறீர்கள், வடிகட்டியோ அமவிஸ் பயனராக ஓடுகிறது. இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளம். நீங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் யாரும் திறக்காத ஒரு கோப்பில் இருக்கிறது. அமவிஸ் பயனராக மாறி, எஸ்ஏ-லேர்ன் என்ற அந்தப் பயிற்சிக் கட்டளையில் எண்ணிக்கையைக் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்று வந்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

சொந்த டொமைனுக்கு நீங்கள் கொடுத்த அனுமதிச் சீட்டு

மேலாளர் பெயரில் வந்த போலி மெயில் வடிகட்டியை ஏமாற்றி நுழையவில்லை. நீங்கள் கொடுத்த அனுமதியோடுதான் நுழைந்தது. சாதாரண அனுமதிப் பட்டியல் அனுப்புநர் முகவரியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டுமே பார்க்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பொருந்தினால் ஸ்கோரிலிருந்து 100 கழிகிறது. அதற்கப்புறம் எந்த விதியும் செல்லாது.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் ஊழியர்கள் கடவுச்சொல்லோடு 587 என்ற போர்ட் (சர்வரின் ஒரு நுழைவாயில்) வழியாக அனுப்பட்டும், அந்த வழிக்கு வடிகட்டியைத் தளர்த்திக்கொள்ளலாம். வெளியாட்கள் வரும் 25 என்ற போர்ட்டில் உங்கள் டொமைன் பெயரோடு வருபவை சந்தேகத்துக்கு உரியவை. வெளியே யாரையாவது அவசியம் அனுமதிக்க வேண்டுமென்றால், எஸ்பிஎஃப் (அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா) அல்லது டிகேஐஎம் (மெயிலில் உள்ள டொமைன் கையொப்பம் சரியா) சோதனையில் தேறினால் மட்டும் செல்லுபடியாகும் வகை அனுமதி ஸ்பேம்அசாசினிலேயே இருக்கிறது.

அடுத்து உங்கள் டொமைனுக்கு டிமார்க் பதிவு போடுங்கள்; இந்தச் சோதனைகளில் தேறாமல் உங்கள் பெயரில் வரும் மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்வது அது. நேராக 'மறு' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலை. சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்தால், உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று தெரியும். நீங்களே மறந்துபோன ஒரு பில்லிங் சேவையோ, மனிதவளப் பிரிவு சேர்த்த ஒரு செய்திமடலோ அதில் இருக்கும். அவற்றுக்கு டிகேஐஎம் சரிசெய்த பிறகு 'ஒதுக்கு', பிறகு 'மறு'.

'எஸ்பிஎஃப் தேறினால் நல்ல மெயில், தோற்றால் ஸ்பேம்' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு பாதியும் தவறு. ஸ்பேமர்களும் தங்கள் டொமைனுக்கு ஒழுங்காக எஸ்பிஎஃப் போட்டுக்கொள்கிறார்கள். நல்லவர் ஒருவரின் மெயில் வேறு முகவரி வழியாக உங்களுக்கு ஃபார்வர்டு ஆனால் எஸ்பிஎஃப் தோற்கும், ஏனென்றால் கடைசியாகக் கொண்டுவந்த சர்வர் அவருடையது இல்லை. எஸ்பிஎஃப் தோல்வியை ஸ்கோரில் சேருங்கள், அதை மட்டும் வைத்து மறுக்காதீர்கள்.

மற்றவர் பெட்டியைத் திறப்பது

திறக்காதீர்கள். மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. ஊழியர் மெயிலை நிறுவனம் எந்த அளவு பார்க்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும் சட்டம். நான் வழக்கறிஞர் இல்லை. அது தெரிந்தவரிடம் கேட்டு, எழுத்தில் ஒரு கொள்கை வகுத்து, ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. அதுவரை ரூட் கடவுச்சொல் இருக்கிறது என்பதற்காக உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

உண்மையில் உங்களுக்கு அது தேவையும் இல்லை. லாக்கில் அனுப்பியவர், பெறுபவர், நேரம், ஸ்கோர், எந்தெந்த விதிகள் என்பது எல்லாம் இருக்கிறது. ஒருவர் 'இது ஏன் ஸ்பேமுக்குப் போனது?' என்று கேட்டால் அவரையே அந்த மெயிலின் தலைப்புகளை அனுப்பச் சொல்லுங்கள். பயிற்சிக்கும் வழி இருக்கிறது: ஒருவர் மெயிலை ஸ்பேம் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால் அது ஸ்பேமாகவும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லதாகவும் வடிகட்டிக்குப் போகும்படி டவ்காட்டின் ஐமாப்-சீவ் இணைப்பால் அமைக்கலாம். 40 பேரும் தாங்களே பயிற்சி தருவார்கள், நீங்கள் ஒருவர் மெயிலையும் பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தாங்களே கேட்டு வாங்கிய செய்திமடலையும் சிலர் ஸ்பேமுக்குள் தள்ளுவார்கள். அதை ஒரு குறிப்பு எழுதிச் சொல்லிவிடுங்கள்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அமைப்பை மாற்றியது நீங்கள்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எதை மறுக்கலாம், எதை ஒதுக்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்பவை தொழில் சார்ந்த முடிவுகள். ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரின் ஒப்புதல் வாங்குங்கள். 'ஒன்றுகூட வராது, ஒன்றுகூடத் தவறாது' என்ற வாக்குறுதியை அந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். எந்த வடிகட்டியாலும் அது முடியாது.

பெரிய சேவைக்கு மாறுவது

மாறலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாளாக ஒரு மெயில் சர்வரைக் காப்பது விடுமுறை எடுக்க முடியாத வேலை. இதை நீங்கள் மேலாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அங்கேயும் நல்ல மெயில் ஸ்பேமுக்குள் விழும், அப்போது காரணத்தைத் தேட உங்களிடம் இன்றுள்ள அளவு லாக் இருக்காது. நடுவழி ஒன்றும் உண்டு: பெட்டிகள் உங்களிடம், முன்னால் ஒரு வடிகட்டும் சேவை. அப்படிச் செய்தால் உங்கள் 25-ஆம் போர்ட் அந்தச் சேவையின் முகவரிகளிடம் மட்டுமே வாங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பேமர்கள் சேவையைச் சுற்றிக்கொண்டு நேராக உங்களிடம் வருவார்கள். ஐபி தடைப்பட்டியல், எஸ்பிஎஃப் சோதனைகளையும் உங்கள் பக்கம் நிறுத்துங்கள். எல்லா மெயிலும் அந்தச் சேவையின் ஐபியிலிருந்தே வருவதாக உங்கள் சர்வருக்குத் தெரியும்.

இன்றைய குழப்பத்தை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். புதிதாக எந்த மறுப்பு விதி போட்டாலும், போஸ்ட்ஃபிக்ஸில் அதன் முன்னால் 'எச்சரிக்கை மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தால் அது தடுக்காமல், 'தடுத்திருப்பேன்' என்று லாக்கில் மட்டும் எழுதும். ஒரு வாரம் அதைப் படித்துவிட்டுப் பிறகு உண்மையாக இயக்குங்கள். பெரிய மாற்றம் செய்யும் நாளில் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பைத் திறந்து வைத்தால், 550-கள் எல்லாம் தற்காலிக மறுப்பாக மாறும். அனுப்பும் சர்வர்கள் பொதுவாகச் சில நாட்கள் மறுபடி முயலும் என்பதால், தவறு நடந்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். அந்த 8.8.8.8 நாளில் இது இருந்திருந்தால் ஒரு மெயில்கூடத் திரும்பியிருக்காது. வேலை முடிந்ததும் அதை மூட மறக்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போனது. உங்கள் டொமைனின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எந்த வடிகட்டியும் வேண்டாம். ஸ்பேம் அதில் கொட்டும், பரவாயில்லை. மறுப்புச் செய்தியில் அந்த முகவரியை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்; தவறாக மறுக்கப்பட்டவர் உங்களைத் தொடர்புகொள்ள அது ஒன்றுதான் வழி.